பெரியவர் போடும் பதிவை எப்படி நீக்குவது?

வணக்கம் மக்களே. நாங்கள் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம். தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) தாமானுக்கு (வீடமைப்புப் பகுதி) மாறி வந்த குடும்பங்களுக்கென்று ஒரு புலனக் (வாட்ஸ்அப்) குழு இருக்கிறது. போன மாதம் என்னை அட்மின் ஆக்கிவிட்டார்கள் (கேட்காமலேயே!).

எழுதிவைத்த விதி எதுவும் இல்லை. ஆனால் மரண அறிவிப்பு வந்தால் அன்றைக்கு வேறெதுவும் போடக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஒருவரைத் தவிர. துக்கச் செய்திக்குக் கீழேயே, புற்றுநோய்க்குப் பச்சிலை வைத்தியம் என்று ஒரு ஃபார்வர்ட். அவர் எங்கள் தோட்டத்தின் பழைய கிராணி (அலுவலக எழுத்தர்). அப்பா இன்றும் அவர் முன் உட்காரமாட்டார்.

அட்மின் நீக்கலாம், சரி. ஆனால் யார் நீக்கியது என்று என் பெயரோடு எல்லாருக்கும் காட்டிவிடுகிறதே! அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றினால், இரங்கல் சொல்லக்கூட வழியில்லை. தம்பி வேறு, 2012இல் மலேசியச் சாட்சியச் சட்டத்தில் சேர்த்த 114ஏ பிரிவைக் காட்டி, நிர்வாகி பெயரில் இருப்பவரைத்தான் முதலில் கேட்பார்கள் என்று பயமுறுத்துகிறான்.

தனியாகப் போன் செய்து சொல்வதா, அவர் மகளிடம் சொல்வதா? இப்படி மாட்டிக்கொண்டவர்கள் என்ன செய்தீர்கள்? அவர் மனம் நோகாமல் சொல்ல வேண்டும். பொங்கலுக்கு அவர் வீட்டுக்குப் போயாக வேண்டும்.