குத்துவிளக்குக் கடைக்கு ஈமெயில் பட்டியல்: விலைக்கு வாங்கலாமா, நாமே சேர்க்கலாமா?

நாச்சியார்கோயில் பட்டறை:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது நாச்சியார்கோயிலில் சின்ன வார்ப்புப் பட்டறை. அப்பாவும் சித்தப்பாவும் குத்துவிளக்கு வார்க்கிறார்கள். கடைசல், மெருகு எல்லாம் வீட்டுக்குப் பின்னாலேயே நடக்கிறது. முன்பக்கம் கடை. கடையையும் கணக்கையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

எங்களுக்கு வியாபாரம் பெரும்பாலும் கோயிலுக்கு வருகிறவர்களால்தான். மார்கழியிலும் பங்குனியிலும் கல் கருட சேவைக்கு வருகிறவர்கள், கும்பகோணத்தில் தங்கி நவக்கிரகக் கோயில்களைச் சுற்றுகிறவர்கள். சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்காவிலிருந்து வருகிறவர்களும் கணிசம். விளக்கைக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள், விலை கேட்பார்கள், "பெட்டியில் எடை ஏறிவிடும், ஊருக்குப் போய்ச் சொல்கிறேன்" என்பார்கள். அதோடு தொடர்பு விட்டுப்போகும். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் செய்து பார்த்தேன். ஒரு பட்டியலில் 256 பேர் வரைதான், அதிலும் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்குத்தான் போகும். வழியில் இறங்கிக் கடைக்குள் வந்தவர் எங்கே எண்ணைச் சேமிக்கப் போகிறார்? அதனால் ஈமெயிலில் செய்திமடல் தொடங்கலாம் என்று இருக்கிறேன்.

இப்போது என் கேள்வி. போன வாரம் ஒருவர் போனில் கூப்பிட்டார். வெளிநாட்டுத் தமிழர்கள் ஐம்பதாயிரம் பேருடைய ஈமெயில் முகவரி வைத்திருக்கிறாராம், எக்செல் கோப்பாகத் தருகிறாராம். விலையும் பெரிதாக இல்லை. அதை வாங்கலாமா? அப்பாவிடம் ஒரு நோட்டு இருக்கிறது. பார்சல் அனுப்புவதற்காக வாங்கி வைத்த பெயர், விலாசம், போன், சில பேருடைய ஈமெயில். அதில் உள்ளவர்களுக்கு அனுப்பலாமா? அப்புறம், அனுப்பினால் என்னதான் எழுதுவது? விலைப்பட்டியல் போதுமா?

திருத்துறைப்பூண்டி அரிசிக்கடை:

தம்பி, அந்தப் பட்டியலை வாங்காதீர்கள். சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

அந்த ஐம்பதாயிரம் பேரில் ஒருவர்கூட உங்களிடம் எதுவும் கேட்கவில்லை. அதில் எப்போதோ மூடிப்போன முகவரிகள் கிடக்கும். ஸ்பேம் அனுப்புகிறவர்களைப் பிடிப்பதற்கென்றே போட்டு வைத்திருக்கிற பொறி முகவரிகளும் கலந்திருக்கும். மிச்சம் இருக்கிறவர்கள் "இது யார், என் முகவரி இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது?" என்று ஸ்பேம் பொத்தானை அழுத்துவார்கள். ஜிமெயில் அந்த அழுத்தலையெல்லாம் கணக்கு வைக்கிறது. புகார் 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 0.3 சதவீதத்தைத் தொடவே கூடாது என்று கூகுள் சொல்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து இதில் கறாராக இருக்கிறார்கள். 0.3 என்றால் ஆயிரத்துக்கு மூன்று பேர். முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்பினால் மூன்று பேரா அழுத்துவார்கள்?

அந்த அளவைத் தாண்டினால் செய்திமடலோடு போகாது. உங்கள் கடையின் பெயரில் போகிற எல்லா ஈமெயிலுக்கும் கெட்ட பெயர் ஒட்டிக்கொள்ளும். ஐந்தடி விளக்குக்குப் பணம் கட்டிவிட்டுக் கோலாலம்பூரில் ஒருவர் காத்திருப்பார். நீங்கள் அனுப்பிய கூரியர் எண் அவருடைய ஸ்பேம் பெட்டியில் கிடக்கும். அவர் ஒரு வாரம் பார்த்துவிட்டு, பணம் போயிற்று என்று முடிவு கட்டிவிடுவார். அப்பாவும் சித்தப்பாவும் இத்தனை காலம் உழைத்துச் சேர்த்த பேரை ஒரு எக்செல் கோப்புக்காகப் பணயம் வைக்க வேண்டாம்.

அப்பாவின் நோட்டு வேறு. அதில் இருப்பவர்கள் உங்கள் விளக்கை ஏற்றுகிறவர்கள். ஆனால் பார்சலுக்கென்று கொடுத்த முகவரி பார்சலுக்குத்தான். நம் நாட்டில் 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதம் என்பது எதற்கு என்று தெளிவாகச் சொல்லிப் பெற்றதாக இருக்க வேண்டும், கொடுப்பது எவ்வளவு சுலபமோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. சட்டத்தை விடுங்கள், மரியாதையும் அதுதானே. ஆகவே சமீபத்தில் வாங்கியவர்களை மட்டும் எடுங்கள். ஒருவருக்கு ஒன்றாக எழுதுங்கள். "பங்குனியில் நீங்கள் வாங்கிய மூன்றடி அன்ன விளக்கு நன்றாக இருக்கிறதா? நாங்கள் மாதம் ஒரு கடிதம் எழுதப் போகிறோம், உங்களுக்கும் அனுப்பட்டுமா?" இவ்வளவு போதும். சரி என்றவர்களைச் சேருங்கள். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான், விட்டுவிடுங்கள்.

என் கடையில் பாரம்பரிய அரிசி. மாப்பிள்ளைச் சம்பா, கருப்பு கவுனி, பூங்கார், தூயமல்லி. நெல் ஜெயராமன் ஐயா இருந்தபோது ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்துவார். இரண்டு கிலோ விதை நெல் வாங்கிப் போகிற விவசாயி அடுத்த வருஷம் நாலு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அங்கே வந்தவர்களில் நிலம் இல்லாதவர்களும் நிறைய. அவர்கள் என்னிடம் அரிசி வாங்கிக்கொண்டு, "அடுத்த அறுவடை வந்தால் சொல்லுங்கள்" என்று தாங்களாகவே ஈமெயில் எழுதிக் கொடுத்தார்கள். என் பட்டியல் அப்படித்தான் தொடங்கியது. இன்றும் அதில் சில நூறு பேர்தான். எனக்கு அது போதும். புது அரிசி வந்தது என்று எழுதினால் அன்று சாயங்காலத்துக்குள் ஆர்டர் வரத் தொடங்கிவிடும்.

ஒருவர் எப்போது முகவரி கொடுக்க விரும்புவார் என்பதுதான் முக்கியம். கருப்பு கவுனி வாங்குகிறவர் கட்டாயம் "இதை எப்படிச் சமைப்பது?" என்று கேட்பார். ராத்திரியே ஊறப்போட வேண்டும், ஊறிய தண்ணீரிலேயே வேகவைக்கலாம் என்று வாயால் சொன்னால் வீட்டுக்குப் போவதற்குள் மறந்துவிடும். "செய்முறையை ஈமெயிலில் அனுப்புகிறேன், மாதம் ஒரு கடிதமும் வரும், வேண்டாம் என்றால் ஒரே அழுத்தில் நிறுத்திக்கொள்ளலாம்" என்று சொல்லிப் போனை நீட்டுவேன். அவர்களே தட்டுவார்கள். காகிதத்தில் எழுதி வாங்காதீர்கள். புள்ளியா அடிக்கோடா, எண் ஒன்றா ஆங்கில 'எல்' எழுத்தா என்று அப்புறம் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். தட்டியவுடன் "நீங்கள்தானா?" என்று உறுதி கேட்டு ஒரு ஈமெயில் போகும். அதில் அழுத்தினால்தான் பட்டியலில் சேர்வார்கள்.

உங்களிடம் இதைவிட நல்ல காரணம் இருக்கிறது. விளக்கைக் கழற்றித்தானே பார்சல் போடுவீர்கள்? அடி, தண்டு, அகல், பிரபை தனித்தனியாகப் போய்ச் சேரும். பெட்டியைப் பிரித்தவர் எந்த மரையை எதில் பூட்டுவது, எவ்வளவு இறுக்குவது என்று திகைப்பார். அப்பா கையால் பூட்டிக் காட்டுகிற படங்களோடு ஒரு கடிதம் தயார் செய்யுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு எடுப்பதற்கு இன்னொன்று. "இந்தக் கடிதங்கள் வேண்டுமா?" என்று கேட்டால் விளக்கு வாங்கியவர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

விலைப்பட்டியலை மாதாமாதம் அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள். நான் வயலை ஒட்டி எழுதுகிறேன். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தார்களா, எங்கள் பக்கம் தண்ணீர் எப்போது வந்தது, சம்பா நாற்று எப்படி இருக்கிறது, மழையில் சாய்ந்ததா. மருந்து போடாத அரிசியில் ஏன் வண்டு வருகிறது, வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டு எப்படி வைப்பது என்று ஒரு தடவை எழுதினேன். எனக்கு வந்த பதில்களிலேயே அதற்கு வந்ததுதான் அதிகம். தங்கள் பாட்டி செய்த பக்குவத்தையெல்லாம் எழுதி அனுப்பினார்கள். உங்களுக்கு ஆற்று வண்டல் மண் இருக்கிறது, அச்சு இருக்கிறது, உலை இருக்கிறது. அச்சை உடைத்து விளக்குத் தண்டை வெளியே எடுக்கிற அன்று ஒரு படம் எடுத்து, அப்பா சொல்வதை அப்படியே எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. விதை நெல்லை உப்புக் கரைசலில் கொட்டினால் பதர் மேலே மிதக்கும், அதை அரித்து எடுத்துவிட்டுத்தான் நாற்றங்காலுக்குப் போவோம். பட்டியலையும் வருஷத்துக்கு ஒரு முறை அப்படி அரிக்க வேண்டும். முகவரியே இல்லை என்று திரும்பி வந்தவற்றை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். ரொம்ப நாளாக அசைவே இல்லாதவர்களுக்கு "இன்னும் அனுப்பட்டுமா?" என்று ஒரு கடிதம் போட்டு, பதில் இல்லை என்றால் நீக்கிவிடுங்கள்.

மன்னார்குடி டு டல்லாஸ்:

அரிசிக்கடை அக்கா சொன்னதை வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது மன்னார்குடி, இப்போது டல்லாஸ். ஊர்க் கடைகளிலிருந்து எனக்கு நிறைய ஈமெயில் வருகிறது. பெரும்பாலும் தீபாவளி அன்று "தீபாவளி நல்வாழ்த்துகள்" என்று ஒரே ஒரு படம். அதை வைத்து நான் என்ன செய்வது?

கார்த்திகை தீபத்துக்கு விளக்கு வேண்டுமென்றால் எனக்கு ஆவணி, புரட்டாசியிலேயே தெரிய வேண்டும். அப்போதுதான் பார்சல் நேரத்துக்கு வந்து சேரும், அல்லது ஊரிலிருந்து வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்லலாம். ஒவ்வொரு விளக்கின் உயரத்தோடு எடையையும் போடுங்கள். பித்தளை விளக்குக்கு அனுப்பும் செலவு எடையில்தான் இருக்கிறது, அது தெரியாமல்தான் பாதிப் பேர் பின்வாங்குகிறோம். கழற்றி வைத்தால் விமானப் பெட்டியில் அடங்குகிற அளவு எது என்று ஒரு கடிதம் எழுதினால் நான் என் அக்கா தங்கைகளுக்கெல்லாம் அதை அனுப்புவேன்.

தஞ்சை வெப்சைட்:

தொழில்நுட்பப் பக்கம் மட்டும் சொல்கிறேன். முதலில் கடை பெயரில் டொமைன், அதாவது சொந்த இணையப் பெயர், வாங்குங்கள். சொந்த ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு ஒரு செய்திமடல் சேவை வழியாக அனுப்பினால், அனுப்புநர் பெயர் உண்மைதானா என்று பார்க்கிற டிமார்க் சோதனையில் தேறாது. ஜிமெயிலிலேயே எல்லோரையும் சிசி போட்டு அனுப்பும் வேலையும் வேண்டாம், ஒருவர் முகவரி எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

டொமைன் அமைப்பில் மூன்று பதிவுகள் போட வேண்டும். எஸ்பிஎஃப், உங்கள் பெயரில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்வது. டிகேஐஎம், ஒவ்வொரு ஈமெயிலிலும் போடுகிற டிஜிட்டல் கையெழுத்து. டிமார்க், இந்த இரண்டிலும் தேறாத ஈமெயிலை என்ன செய்வது என்று பெறுகிறவருக்குச் சொல்வது. செய்திமடல் சேவையில் கணக்குத் தொடங்கினால் என்ன போட வேண்டும் என்று அவர்களே கொடுப்பார்கள், நகலெடுத்து ஒட்டுவதுதான் வேலை. மூன்றும் வேண்டும் என்பது ஒரு நாளில் 5,000-க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புகிறவர்களுக்கான விதி என்றாலும் சின்னக் கடைக்கும் இதுதான் பாதுகாப்பு.

அமெரிக்காவில் உள்ளவர்களுக்கு அனுப்புவதால் கடிதத்தின் அடியில் கடையின் அஞ்சல் விலாசம் இருக்க வேண்டும். நிறுத்தச் சொன்னால் 10 வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும். அங்கே 2003-ல் வந்த சட்டம் இது. எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நம்பாதீர்கள். 2021-லிருந்து ஆப்பிள் மெயில், ஆள் படிக்காவிட்டாலும் படங்களைத் தானே முன்கூட்டி இறக்கிவிடுகிறது, அதுவும் திறந்த கணக்கில் வந்துவிடும். வருகிற பதிலையும் ஆர்டரையும் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அக்காவோடு எனக்குக் கருத்து வேறுபாடு. உறுதி கேட்கிற ஈமெயில் வெப்சைட் படிவத்துக்குக் கட்டாயம் வேண்டும், ரோபோக்கள் கண்ட முகவரியையும் போட்டுவிடும். கடையில் எதிரே நின்று தட்டுகிறவருக்கு எதற்கு? அழுத்த மறந்தால் நல்ல வாடிக்கையாளர் போய்விடுவாரே.

திருத்துறைப்பூண்டி அரிசிக்கடை:

எதிரே நின்று தட்டும்போதும் ஒரு எழுத்து மாறும் தம்பி. அப்போது நம் கடிதம் யாரோ ஒருவருக்கு மாதாமாதம் போகும், அவர் ஸ்பேம் என்று அழுத்துவார். நான் கடையிலேயே "வந்துவிட்டதா பாருங்கள்" என்று கேட்டு, அங்கேயே திறந்து அழுத்தச் சொல்லிவிடுவேன். ஸ்பேமில் விழுந்திருந்தாலும் அப்போதே எடுத்து வைத்துவிடலாம். அரிசி எடை போடுகிற நேரத்துக்குள் முடிந்துவிடும்.

நாச்சியார்கோயில் பட்டறை:

எல்லோருக்கும் நன்றி. அந்தப் பட்டியல்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நோட்டில் இருப்பவர்களுக்கு எழுத அப்பாவையே உட்காரவைத்துக் கேட்டேன். யார் எந்த விளக்கு வாங்கினார், எந்தக் கல்யாணத்துக்கு, எந்தக் கிரகப்பிரவேசத்துக்கு என்று அவருக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. அதையே முதல் வரியாக எழுதப் போகிறேன். டல்லாஸ் அக்கா கேட்ட எடைக்கும் தராசை எடுத்து வைத்தாயிற்று.

தஞ்சை வெப்சைட் அண்ணே, மூன்று பதிவும் சரியாக விழுந்ததா என்று எப்படிப் பார்ப்பது?

தஞ்சை வெப்சைட்:

பதிவு போட்டு ஒரு நாள் விடுங்கள். அப்புறம் செய்திமடல் சேவையிலிருந்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு சோதனைக் கடிதம் அனுப்புங்கள். கம்ப்யூட்டரில் அதைத் திறந்து, மேலே வலது ஓரத்து மூன்று புள்ளியை அழுத்தினால் "ஷோ ஒரிஜினல்" என்று இருக்கும். அதில் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுக்கும் நேரே பாஸ் என்று வர வேண்டும். எதிலாவது ஃபெயில் என்று வந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.