மார்க்கேரியன் சங்கிலி: என்ஜிசி 4387 பிடிபடவில்லை, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. மார்க்கேரியன் சங்கிலி என்ற விண்மீன்திரள் (galaxy) வரிசையையும் அதை ஒட்டியவற்றையும் பார்க்கிறேன்; என்ஜிசி, எம் என்பவை வான்பொருள் பட்டியல் எண்கள். இடம் அட்டன் பக்கம், 1,200 மீற்றருக்கு மேல். தொலைநோக்கி 8 அங்குல டொப்சோனியன் (எளிய தாங்கியில் கையால் திருப்பும் கண்ணாடித் தொலைநோக்கி), குவியத்தூரம் 1,200 மி.மீ.

டெனெபோலா, விண்டெமியாட்ரிக்ஸ் என்ற விண்மீன்களுக்கு நடுவே 30 மி.மீ. ஐபீஸை (கண்ணருகே வைக்கும் வில்லை) வைத்தால் எம் 84, எம் 86 இரண்டும் உடனே தெரிகின்றன, கரும்பலகையில் விரலால் தேய்த்த சோக்குத் தடம் போல. கிழக்கே என்ஜிசி 4438, 4435 சோடியும் கிடைக்கிறது. 12 மி.மீ.க்கு (100 மடங்கு) மாறினால் தெற்கே 4388 ஒரு மெல்லிய கீறலாக வருகிறது. எம் 84, எம் 86, 4388 மூன்றுக்கும் நடுவில் இருக்கும் 4387 மட்டும் இல்லை. அதன் ஒளிர்வெண் 12ஐ ஒட்டியது (எண் கூடக்கூட மங்கல்), 8 அங்குலத்துக்கு எட்ட வேண்டியதுதான். ஓரப்பார்வையும் குழாயை மெல்லத் தட்டுவதும் பலிக்கவில்லை.

சந்தேகம் பனி மீதுதான். அரை மணித்தியாலத்தில் இரண்டாம் கண்ணாடி (குழாய் வாய்ப்பக்கம் உள்ள சிறியது) மங்கிவிடுகிறது. துணியால் துடைக்கக் கூடாது, பூச்சு கீறிவிடும். குழாய் வாயில் 30 செ.மீ. கறுப்பு ஃபோம் உறை போட்டும் போதவில்லை. அதைச் சற்றுச் சூடாக்க, கண்ணாடிக்குப் பின்னால் 330 ஓம், அரை வாட் தடைகள் ஆறைச் சமாந்தரமாக இணைத்து 12 வோல்ட் கொடுத்தால் சுமார் 2.6 வாட் வரும். இது போதுமா, கூடிப்போய்ச் சூட்டுக்காற்று படத்தைக் கலக்குமா?

இன்னொன்று: ஏப்ரல் தொடக்கத்தில் நள்ளிரவை ஒட்டி இக்கூட்டம் நம் உச்சிக்கு 6 பாகைக்குள் வந்துவிடுகிறது. அப்போது டொப்சோனியனைப் பக்கவாட்டில் திருப்புவது பெரும்பாடு. இரண்டு மணித்தியாலம் முந்தியே பார்ப்பவர்கள் இருக்கிறீர்களா? 4387ஐ 8 அங்குலத்தில் கண்டவர்கள் எத்தனை மடங்கில் கண்டீர்கள் என்றும் சொல்லுங்கள்.