இரண்டே பேரை வைத்துக் கதை எழுதி மாட்டிக்கொண்ட அனுபவம்

அரைப்புள்ளி:
அக்கா தம்பி கதை. வேறு யாரும் கிடையாது, வீட்டைக் காலி செய்கிறார்கள், அவ்வளவுதான். எழுதி முடித்து அக்காவுக்கே அனுப்பினேன், அனுப்பியிருக்கக் கூடாது. அடுத்த முறை பார்த்தபோது துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அன்னிக்கு நான் அழலைடா" என்றாள். அப்புறம் மடித்த துணியை உதறி மறுபடி முதலிலிருந்து மடித்தாள். பீரோவைத் தூக்கும்போது அக்கா அழுவதாக எழுதியிருந்தேன். நிஜத்தில் அழுதது யார் என்று இப்போது எனக்கே சந்தேகம். மூன்று மாதமாகிறது, கதையைத் திறக்கவே கை வரவில்லை. இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?

ஒற்றைக்கொம்பு:
எனக்கு வேறு மாதிரி. காதலித்துக் கட்டிக்கொண்ட இருவர், கதை முழுக்க அவள் அவனை "நீ" என்றுதான் பேசுவாள். நாலாம் பக்கத்தில் ஒரே ஓர் இடத்தில் "சாவியை எடுத்துட்டீங்களா?" என்று வந்துவிட்டது. சுத்தமாக என் கவனக்குறைவு. படித்துப் பார்க்கக் கொடுத்த நண்பர் அந்த "டீங்களா"வைப் பென்சிலால் வட்டமிட்டு, "இங்கேதான் அவள் விலகிவிட்டாள், பிரமாதம்" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அதற்கப்புறம் ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு சண்டை வருகிறது, ராத்திரியெல்லாம் உட்கார்ந்து எழுதியது, அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சண்டையை வெட்டிவிட்டேன். அது பிழை என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

திண்ணைவாசி:
சண்டையை வெட்டியது தப்பு. மோதல் இல்லாமல் இரண்டு பேர் கதை நிற்காது. இருவருக்கும் ஆளுக்கொரு தேவை இருக்க வேண்டும், ஆனால் அதைப் பற்றி நேராகப் பேசவிடாதீர்கள், கையில் ஏதாவது வேலையைக் கொடுத்துவிட்டு அந்த வேலையைப் பற்றிப் பேச வையுங்கள். யார் கண் வழியாகப் பார்க்கிறோம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டு பேர் மனதுக்குள்ளும் மாறி மாறிப் புகுந்தால் வாசகருக்கு ஊகிக்க ஒன்றும் மிஞ்சாது. பேச்சுக்குப் பேச்சு பெயர் சொல்லிக் கூப்பிட வைக்காதீர்கள், நெருங்கியவர்கள் யார் அப்படிப் பேசுகிறார்கள்? எழுதியதைச் சத்தமாகப் படியுங்கள். என் அனுபவம் என்றால், அப்பா மகன் கதை ஒன்று எழுதினேன், திரும்பி வந்தது.

மைக்கறை:
மோதல் இல்லாமல் நிற்காதா? புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' படித்திருப்பீர்கள். மனைவியின் உயிர் போன இடத்தில்தான் கதையே ஆரம்பிக்கிறது. பிறகு பின்னோக்கிப் போய் நோயையும் இல்லாமையையும் சொல்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் அதில் எங்கே கட்டிப் புரள்கிறார்கள்? அது கிடக்கட்டும், உங்கள் யோசனையைவிட அந்தத் திரும்பி வந்த கதையைக் கேட்கத்தான் ஆசை.

திண்ணைவாசி:
அதில் அப்பா பேசவே மாட்டார். "மகன் நிறையப் பேசுகிறான், அப்பா எங்கே?" என்று ஒரே வரி எழுதித் திருப்பியிருந்தார்கள். அவர் நிஜத்திலும் அப்படித்தான் என்று பதில் எழுதினேன். அனுப்பவில்லை.

அரைப்புள்ளி:
இன்றைக்குத் திறந்துவிட்டேன். அழுகையை அக்காவிடமிருந்து எடுத்துத் தம்பியிடம் கொடுத்துப் பார்த்தேன், ஒரு பக்கம் ஓடிய பீரோ காட்சி மூன்று வரியாகச் சுருங்கிவிட்டது. அக்காவுக்கு இதையும் அனுப்பலாமா?