டேப்பிலிருந்து சோதனை நிரல் ஏற மறுக்கிறது

கேள்வி: பழைய பெருங்கணினிகளைப் போல நடந்துகொள்ளும் ஹெர்குலிஸ் எமுலேட்டர் மென்பொருளில் ஐபிஎம் 370 பெருங்கணினியை ஓட்டுகிறேன். சோதனை நிரல் உள்ள டேப் கோப்பை 180 என்ற முகவரியில் இணைத்து ஐபிஎல் (தொடக்க நிரலை ஏற்றும் கட்டளை) கொடுத்ததும் பிழை காட்டி நின்றுவிடுகிறது. இயக்க முறைமைக்குள்ளிருந்து படித்தால் அதே டேப் ஒழுங்காக இருக்கிறது. இன்னொன்று: மைக்ரோகோடையும் (கணினியின் உள் கட்டளைகளை இயக்கும் அடிப்படை நிரல்) டேப்பிலிருந்துதான் ஏற்றினார்களா?

மறுமொழி 1: டேப்பின் முதல் பதிவைப் பாருங்கள். 80 பைட் லேபிளா (டேப்பின் தொடர் எண் முதலியவற்றைச் சொல்லும் அடையாளப் பதிவு)? அப்படியானால் ஏறவே ஏறாது. ஐபிஎல் என்பது கண்மூடித்தனமான வேலை. முதல் 24 பைட்டுகளை நினைவகத்தின் பூஜ்ஜிய முகவரியில் கொட்டும். எட்டாவது முகவரியில் இருப்பதைச் சானலுக்கான (டேப் போன்ற சாதனங்களுக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவை நகர்த்தும் பகுதி) கட்டளையாக எடுத்துக்கொள்ளும். உங்கள் டேப்பில் அந்த இடத்தில் இருப்பது தொடர் எண்ணின் ஐந்தாவது எழுத்து! சானல் என்னதான் செய்யும், பாவம். இத்தகைய டேப்புகளை லேபிள் இல்லாமல் எழுதியதற்குக் காரணம் இதுதான்.

மறுமொழி 2 (கள சேவையில் இருந்தவன்): 370-இன் 145 மாடலில் மைக்ரோகோடு வந்தது 8 அங்குல நெகிழ்வட்டில். ஏறக்குறைய 80 கிலோபைட், படிக்க மட்டும். டேப்பைப் படிக்கும் சானலே மைக்ரோகோடு இல்லாமல் இயங்காதே! சோதனை நிரல்களின் கதை வேறு; சானல் உயிரோடு இருந்தால் டேப் போதும்.

கேட்டவர்: லேபிள்தான். தரவுக் கோப்பை மட்டும் புதிய டேப் கோப்பாகப் பிரித்தெடுத்தேன், ஏறிவிட்டது. இப்போது அச்சுப்பொறி இணைக்கவில்லை என்று அது திட்டுகிறது.