‘டிராஃப்ட்’ என்பதற்கு ‘வரைவு’ வேண்டாம், வேறு சொல் தேடுவோம்

மடல் 1 (மதுரையிலிருந்து)

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இரண்டு மாதமாக என்.எச்.எல். என்னும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் வரலாற்றைத் தமிழில் எழுதி வருகிறேன். கனடா, அமெரிக்கா என்று இரண்டு நாட்டு அணிகள் ஆடும் லீக் அது. பெரும்பாலான இடங்களில் தமிழ் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: டிராஃப்ட்.

சிலர் இதை ‘வரைவு’ என்று எழுதுகிறார்கள். ‘2015 வரைவில் எட்மன்டன் அணி முதலாவதாக கானர் மெக்டேவிடை எடுத்தது’ என்று எழுதிப் பாருங்கள். வரைவு என்றால் நமக்கு வரைவு வாக்காளர் பட்டியல், வரைவு மசோதா. இன்னும் முடிவாகாத எழுத்து. அதற்குள்ளிருந்து ஒரு பதினெட்டு வயதுப் பையனை எப்படி எடுப்பது? ஆங்கிலத்தில் எழுத்துக்கும், பட்டாளத்துக்கு ஆள் எடுப்பதற்கும், இதற்கும் ஒரே சொல் இருப்பது அவர்கள் மொழியின் பழக்கம். அந்த மூன்றையும் தமிழிலும் ஒரே சொல்லில் கட்டிப்போட வேண்டிய அவசியம் இல்லை.

நடப்பது இதுதான். சீசன் முடிந்ததும், ஆடத் தகுதி பெற்ற இளம் ஆட்டக்காரர்களை அணிகள் ஒவ்வொன்றாக முறை வைத்து எடுக்கின்றன. போன சீசனில் பின்தங்கிய அணிகளுக்கு முன்னுரிமை. யாரும் யாருக்கும் விலை கூறுவதில்லை. எடுத்த உடனே அவன் அந்த அணியின் ஆள் ஆகிவிடுவதும் இல்லை. அவனோடு ஒப்பந்தம் பேசும் உரிமை அந்த லீக்கில் அந்த அணிக்கு மட்டும் கிடைக்கிறது, அவ்வளவுதான். 1991இல் கியூபெக் அணி எரிக் லிண்ட்ராஸை முதல் ஆளாக எடுத்தது. அவர் அந்த ஊருக்கு ஆடவே மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தார். அடுத்த ஆண்டு அவரைப் பிலடெல்பியாவுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

இந்த ஒரு சொல்லுக்காக நான் இவ்வளவு மெனக்கெடக் காரணம் இருக்கிறது. இந்த லீக் வளர்ந்த கதையில் பாதி இந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது.

1917 நவம்பர் 26 அன்று மான்ட்ரியாலின் வின்ட்சர் ஹோட்டலில் லீக் தொடங்கியது. முதல் சீசனில் ஆடியவை நான்கே அணிகள், நான்கும் கனடா அணிகள். 1918 ஜனவரி தொடக்கத்தில் மான்ட்ரியால் அரங்கம் ஒன்று தீக்கிரையாகி, வாண்டரர்ஸ் அணி விலகிக்கொண்டது. மிச்சம் மூன்று. 1924இல் பாஸ்டன் சேர்ந்தபோதுதான் லீக் எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள் கால் வைத்தது. இரண்டே ஆண்டில் நியூயார்க், பிட்ஸ்பர்க், சிகாகோ, டெட்ராய்ட் என்று பரவி, 1926இல் பத்து அணிகள். பிறகு பொருளாதாரப் பெருமந்தம், அதன் பின்னால் போர். 1942இல் எண்ணிப் பார்த்தால் ஆறு அணிகள்தான் நின்றன. அந்த ஆறைத்தான் ‘முதல் ஆறு’ என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். உண்மையில் அவற்றில் மான்ட்ரியாலும் டொரான்டோவும் மட்டும்தான் 1917இல் இருந்தவை.

இருபத்தைந்து ஆண்டுகள் அந்த ஆறும் கதவைச் சாத்திக்கொண்டு ஆடின. அந்தக் காலத்தில் ஆட்டக்காரர்களை எப்படிப் பிடித்தார்கள் தெரியுமா? ஊர் ஊராகச் சிறுவர் கிளப்புகளுக்குப் பணம் கொடுத்து, அங்கே ஆடும் பையன்களைத் தங்கள் பெயரில் எழுதி வைத்துக்கொண்டார்கள். பாபி ஓர் என்ற பெயரை ஹாக்கி தெரிந்தவர்கள் கேட்டிருப்பீர்கள். 1962இல் பாஸ்டன் அணிக்குக் கையெழுத்துப் போட்டபோது அவருக்குப் பதினான்கு வயது. அவர்கள் வீட்டுச் சுவருக்கு வெளிப்பூச்சு பூசித் தருவதும் அந்தப் பேச்சில் ஒரு பகுதி. பணமும் ஆளனுப்பும் வசதியும் உள்ள அணிக்கே நல்ல பையன்கள் போய்ச் சேர்ந்தார்கள்.

இதை மாற்றத்தான் 1963இல் மான்ட்ரியாலில் முதல் டிராஃப்ட் நடந்தது. ஆறு அணிகள் சேர்ந்து எடுத்தது மொத்தம் 21 பேர். நல்ல பையன்களை ஏற்கெனவே எழுதி வாங்கியாயிற்று என்பதால், மிஞ்சியவர்களைப் பங்கிடும் சடங்காகத்தான் அது இருந்தது. ஆனால் வாசல் திறந்துவிட்டது. 1967இல் லீக் ஒரே நாளில் இரட்டிப்பாகி ஆறு பன்னிரண்டானது. இன்றைக்கு 32 அணிகள்: கனடாவில் 7, அமெரிக்காவில் 25. புது அணி ஒன்று வெறுங்கையோடு வந்து நிற்கும்போது அதற்கு ஆள் கொடுப்பதும் இந்த முறைதான். அதனால்தான் சொல் சரியாக அமைய வேண்டும் என்கிறேன்.

நான் யோசித்துக் கழித்தவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

‘ஏலம்’: ஐ.பி.எல். பார்த்துப் பழகிய நமக்கு வாயில் முதலில் வருவது இதுதான். ஆனால் ஏலத்தில் கை உயர உயர விலை ஏறும். இங்கே விலையே இல்லை. நம் ஆட்கள் டிராஃப்ட்டைப் பார்க்காதவர்கள் என்றும் சொல்ல முடியாது. சென்னையும் ராஜஸ்தானும் இரண்டு ஆண்டு தடை செய்யப்பட்டபோது, 2015 டிசம்பரில் புனேயும் ராஜ்கோட்டும் அந்த அணிகளின் ஆட்டக்காரர்களில் ஆளுக்கு ஐந்து பேரை மாற்றி மாற்றி எடுத்தன. முதலில் புனே தோனியை எடுத்தது, அடுத்து ராஜ்கோட் ரெய்னாவை எடுத்தது. சென்னை ரசிகர்கள் அந்த நாளை மறந்திருக்க மாட்டார்கள்.

‘தேர்வு’: பொருள் சரி. ஆனால் என்.எச்.எல். 1979 முதல் இதை ‘என்ட்ரி டிராஃப்ட்’ என்கிறது. ‘நுழைவுத் தேர்வு’ என்று எழுதினால் வாசகர் ஓ.எம்.ஆர். தாளைத் தேடுவார்.

‘உத்தி பிரித்தல்’: மனசுக்கு மிக நெருக்கமானது இதுதான். சடுகுடுவுக்கு ஆள் பிரிக்கும்போது இரண்டு பேர் தோளில் கைபோட்டுத் தள்ளிப் போய், ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு வந்து நிற்போம். ஒருத்தன் மாங்கா, ஒருத்தன் தேங்கா, எது வேணும்? தலைவன் ஒன்றைக் கேட்பான், அந்தப் பெயர்க்காரன் அந்தப் பக்கம் போவான். ஆனால் தனக்கு யார் வரப்போகிறான் என்று தலைவனுக்குத் தெரியாது. டிராஃப்ட்டில் தெரிந்தேதான் எடுக்கிறார்கள். போதாததற்கு, விளையாட்டுச் செய்தியில் ‘உத்தி’ என்றால் ஆட்டத் தந்திரம் என்றாகிவிட்டது. மனமில்லாமல்தான் விட்டேன்.

ஆக, முறை வைத்து எடுப்பதும் விலை இல்லாததும் சொல்லிலேயே தெரிய வேண்டும். உதவுங்கள்.


மடல் 2 (ரொறன்ரோவிலிருந்து)

தம்பி, வணக்கம்.

உங்கட மடலை வாசித்து மிகவும் சந்தோசப்பட்டேன். இங்கே வீட்டில் பேரப்பிள்ளைகள் ஐஸ் ஹொக்கிதான் பார்க்கினம். பனிக்காலத்தில் வேறு கதையே இல்லை. டிராஃப்ட் நடக்கிற நாளில் எங்கட வரவேற்பறையில் நிற்க இடமிருக்காது. 2016இல் எங்கட ரொறன்ரோ அணி மேப்பிள் லீஃப்ஸ் கடைசி இடத்தில் முடித்து, முதலில் எடுப்பது யார் என்கிற குலுக்கலிலும் முதல் இடம் வாங்கி, ஓஸ்ரன் மத்தியூஸை எடுத்தபோது பெரியவன் குதித்த குதியில் மேசை விளக்கு விழுந்து உடைந்தது.

‘தேர்வு’ என்றால் பரீட்சை ஆகிவிடும் என்று பயப்படுகிறீர்கள். எங்களுக்கு ‘தெரிவு’ அன்றாடச் சொல். நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார் என்போம், தெரிவுக்குழு என்போம். அதில் பரீட்சை வாடையே இல்லை. இரண்டும் ஒரே குடும்பத்துச் சொல்தான், தமிழ்நாட்டிலும் விளங்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் ‘தெரிவு’ மட்டும் காணாது. தேசிய அணிக்கு ஆள் எடுப்பதும் தெரிவுதான். நீங்கள் சொன்ன அந்த ஒருவர் மாறி ஒருவர் எடுப்பது அதில் வரவில்லை. அதற்கு முன்னால் ஒரு சொல் ஒட்ட வேண்டும். எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை.


மடல் 3 (தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து)

அன்புள்ள நண்பருக்கு,

ஹாக்கி எனக்குத் தெரியாது. நான் வாய்க்கால் தண்ணீரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் உங்கள் மடலில் ‘முறை வைத்து’ என்று எழுதியிருந்தீர்கள். அங்கேயே சொல் இருக்கிறதே.

அணையில் தண்ணீர் குறைந்தால் எல்லா வாய்க்காலுக்கும் ஒரே நேரத்தில் திறக்க மாட்டோம். இத்தனை நாள் உனக்கு, இத்தனை நாள் அவனுக்கு என்று பகிர்ந்து விடுவோம். அதற்கு முறைப்பாசனம் என்று பெயர். செய்தித்தாளில் வருகிறது, ஊரில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. வரப்பில் மண்வெட்டியோடு நிற்பவர் ‘இன்னிக்கு எங்க முறை’ என்றால் அடுத்தவர் மடையில் கை வைக்கக் கூடாது. முறை என்பது வரிசை மட்டும் இல்லை, அந்த நேரத்துக்கு அவருக்கு மட்டுமே உள்ள உரிமை.

பின்தங்கிய அணிக்கு முதலில் கொடுக்கிறார்கள் என்றீர்கள். கடைமடைக்கு முதல் தண்ணீர் என்பது போல இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதற்காகத்தான் காலம் காலமாகப் போராட்டம்.

அம்மையார் சொன்ன தெரிவை இதோடு சேர்த்து ‘முறைத்தெரிவு’ என்று வைத்துப் பாருங்கள்.


மடல் 4 (மதுரையிலிருந்து)

ஐயா, அக்கா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஐயாவின் மடலைப் படித்ததும் எழுந்து நாலு தப்படி நடந்துவிட்டு வந்தேன். முறைப்பாசனத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். வைகைத் தண்ணீருக்கு முறை வைக்கும் பேச்சு இல்லாத வருடமே எங்கள் பக்கம் இல்லை. அது என் கண்ணில் படவில்லை.

குறை ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘முறைத்தெரிவு’ என்று எழுதிப் பார்த்தால் முதல் பார்வைக்கு ‘முறைத்து’ என்று கண் வாசிக்கிறது, கோபமாகப் பார்ப்பதுபோல. ‘முறையெடுப்பு’ என்று மாற்றிப் பார்த்தேன், ‘எடுப்பு’ என்றால் வேறு பொருள்கள் முந்திக்கொள்கின்றன. ‘முறைத் தெரிவு’ என்று பிரித்து எழுதினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்கிறது. நாலு இடத்தில் படித்துவிட்டால் பழகியும் விடும். முறைப்பாசனத்தைப் படித்து யாரும் முறைப்பதாக நினைப்பதில்லை.

நல்ல கலைச்சொல் என்றால் குட்டி போட வேண்டும். இது போடுகிறது. என்ட்ரி டிராஃப்ட்: புகுமுக முறைத் தெரிவு. புகுமுக வகுப்பு படித்த தலைமுறை இன்னும் இருக்கிறது, பொருள் சட்டென்று விளங்கும். ஃபர்ஸ்ட் பிக்: முதல் தெரிவு. ‘முதல் முறை’ என்று மட்டும் எழுதிவிடக் கூடாது, அது முதல் தடவை என்று ஆகிவிடும். வேண்டுமென்றே தோற்றுக் கடைசிக்குப் போய் முதல் தெரிவைத் தட்டிக்கொண்டு போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததால் 1995இல் கொண்டுவந்த லாட்டரிக்கு அக்கா எழுதிய ‘குலுக்கல்’ போதும், முறைக் குலுக்கல்.

புது அணிகளுக்கு ஆள் கொடுக்கும் எக்ஸ்பான்ஷன் டிராஃப்ட்டில்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இங்கே எடுப்பது புதுப் பையன்களை இல்லை, மற்ற அணிகளில் ஏற்கெனவே ஆடுகிறவர்களை. 1967இல் பழைய ஆறும் தலா ஒரு கோல்காப்பாளரையும் பதினொரு ஆட்டக்காரர்களையும் ஒதுக்கி வைத்துக்கொண்டு, மிச்சம் இருந்தவர்களைப் புது அணிகளுக்குத் திறந்துவிட்டன. மிச்சம் என்றால் கழிசடை இல்லை. டெரி சாச்சக்கை லாஸ் ஏஞ்சலஸ் எடுத்தது, கிளென் ஹாலை செயின்ட் லூயிஸ் எடுத்தது. இரண்டு பேரும் அந்தக் காலத்தின் மாபெரும் கோல்காப்பாளர்கள், வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். ஹாலை வைத்துக்கொண்டு செயின்ட் லூயிஸ் முதல் மூன்று சீசனும் இறுதிப் போட்டிக்கே போனது. 2017இல் புது அணியான வேகஸ் முப்பது அணிகளிடமிருந்தும் ஆளுக்கு ஒருவராக எடுத்து, முதல் சீசனிலேயே இறுதி வரை போனது. இதற்கு ‘விரிவாக்க முறைத் தெரிவு’ என்றும், ஒதுக்கி வைப்பவர்களின் பட்டியலுக்குக் ‘காப்புப் பட்டியல்’ என்றும் வைக்கிறேன். வேகஸ் விஷயத்தில் புது அணி ஒன்றே ஒன்றுதான், முறை மாற்றிக்கொள்ள எதிரே ஆள் இல்லை. ஆனாலும் ஐயா சொன்ன உரிமைப் பொருள் அங்கே நிற்கிறது. அன்றைக்கு வேகஸின் முறை, மற்ற யாரும் மடையில் கை வைக்க முடியாது.

இன்னொரு இடத்திலும் இந்தச் சொல்லைப் போட்டுச் சோதித்தேன். 1969 வரை மான்ட்ரியால் கனேடியன்ஸ் அணிக்கு ஒரு தனிச் சலுகை இருந்தது. விரும்பினால் பிரெஞ்சு பேசும் கியூபெக் ஆட்டக்காரர்கள் இருவரை எல்லோருக்கும் முன்னால் எடுத்துக்கொள்ளலாம். அதை ‘முறைக்கு முந்திய உரிமை’ என்று எழுதியதும் அதில் இருந்த அநியாயம் தமிழில் தானாகப் பேசியது. ‘வரைவு’ என்று வைத்திருந்தால் ஒரு பத்தி விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

கட்டுரையில் சிக்கி நின்ற பத்தியை இந்தச் சொற்களோடு நேற்றிரவு திருத்தி எழுதினேன். படித்துப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.

“1970இல் பஃபலோ, வேன்கூவர் என்று இரண்டு புது அணிகள் வந்தன. அந்த ஆண்டு முறைத் தெரிவில் எல்லோர் கண்ணும் ஜில்பேர் பெர்ரோ மேல் இருந்தது. கியூபெக்கில் விக்டோரியாவில் என்ற ஊரின் பையன். கனேடியன்ஸின் முறைக்கு முந்திய உரிமை இன்னும் ஓர் ஆண்டு நீடித்திருந்தால் அவர்களிடமே போயிருப்பார். முதல் தெரிவு இரண்டு புது அணிகளில் யாருக்கு என்பதை முடிவு செய்ய, மான்ட்ரியாலில் எண் சக்கரம் ஒன்றை வைத்து முறைக் குலுக்கல் நடந்தது. சிறிய எண்கள் வேன்கூவருக்கு, பெரிய எண்கள் பஃபலோவுக்கு. லீக் தலைவர் கிளாரன்ஸ் காம்பெல் சக்கரத்தைச் சுழற்றினார். முள் 1இல் நிற்கிறது என்று எண்ணி வேன்கூவருக்கு வாழ்த்துச் சொன்னார். பஃபலோ அணியின் மேலாளர் பஞ்ச் இம்லாக் எழுந்து, சக்கரத்தை மறுபடி பார்க்கச் சொன்னார். பார்த்தார்கள். முள் நின்றது 1இல் அல்ல, 11இல். முதல் தெரிவு பஃபலோவுக்குப் போனது. பெர்ரோ அங்கேயே பதினேழு சீசன் ஆடினார், சட்டையில் 11ஆம் எண்ணோடு.”