கிளாக்கில் சேஃப்டியே இல்லையாம்! (400 டாலரில் முதல் கைத்துப்பாக்கி)

ஃபில்டர்காபி_ஃபிரிஸ்கோ
போன ஞாயிறு டாலஸ் பக்கம் ஒரு வீட்டில் பாட்லக் விருந்து. என் மச்சானுக்குப் போன வருடம்தான் கிரீன் கார்டு வந்தது. வீட்டில் வைக்க ஒரு கைத்துப்பாக்கி வேண்டும், இதுதான் முதல், கையில் 400 டாலர், என்ன வாங்கலாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் பிரியாணித் தட்டோடு நின்ற ஒரு பெரியவர் கேட்காமலே தீர்ப்பு சொன்னார்: "கிளாக் (Glock) கம்பெனித் துப்பாக்கி பக்கமே போகாதே தம்பி, அதில் சேஃப்டியே கிடையாது. டாரஸ் கம்பெனியின் ஜி3சி வாங்கு. கட்டைவிரலால் தள்ளிப் பூட்டும் குமிழ், கட்டைவிரல் சேஃப்டி உண்டு, 300க்குள் முடிந்துவிடும்." சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். போன தீபாவளிக்கும் இதே வசனத்தைக் கேட்டேன்.

கிளாக்கில் ஒன்றல்ல, தவறி வெடிக்காமல் தடுக்கும் சேஃப்டி மூன்று இருக்கின்றன. சுடுவதற்கு அழுத்தும் விசையின் நடுவில் ஒரு சின்ன நாக்கு. அதை அழுத்தாமல் விசை பின்னால் போகாது. உள்ளே தோட்டாவைக் குத்தும் ஊசியை மறித்து நிற்கும் ஒரு முளை. கீழே விழுந்தால் வெடிக்காமல் பிடித்துக்கொள்ளும் அமைப்பு மூன்றாவது. 1980களில் ஆஸ்திரிய ராணுவத்துக்குப் போன நாளிலிருந்து இதே ஏற்பாடுதான். "இல்லை" என்று எப்படித்தான் வாய் கூசாமல் சொல்கிறார்களோ.

மச்சானுக்கு என் யோசனை: நல்ல நிலையில் உள்ள பழைய கிளாக் 19. புதிது 500ஐத் தாண்டும். பழையது பொறுமையாகத் தேடினால் 400 பக்கம் கிடைக்கும்.

லோன்ஸ்டார் லோகு
அந்தப் பெரியவர் நான்தான். வணக்கம். நேரில் நின்றபோது ரைத்தா வேண்டுமா என்று கேட்டீர்கள், வேறு ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்குப் போனதும் வீரம் வந்துவிட்டது.

மூன்று சேஃப்டி என்று எண்ணிக்காட்டியதற்கு நன்றி. விசையை அழுத்தினால் அந்த மூன்றும் என்ன ஆகும்? மூன்றும் ஒன்றாகத் திறக்கும். கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டுவிட்டு, வீடு பத்திரம் என்கிறீர்கள். சேஃப்டி என்றால் நான் போட வேண்டும், நான் எடுக்க வேண்டும். கிளாக்கில் அது இல்லை. இல்லை என்றால் இல்லைதான்.

ஃபில்டர்காபி_ஃபிரிஸ்கோ
ஓ, நீங்கள்தானா. எழுத்து நடையிலேயே சந்தேகப்பட்டேன்.

சரி, கட்டைவிரல் சேஃப்டி உள்ள டாரஸின் கதையைச் சொல்லவா? பிடி-111 மில்லினியம் உட்பட ஒன்பது மாடல்கள். கீழே விழுந்தால் வெடிக்கிறது, சேஃப்டி போட்டிருந்தாலும் வெடிக்கலாம் என்று வழக்கு. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 2015இல் டாரஸ் சமரசம் செய்துகொண்டது. கிட்டத்தட்ட 10 லட்சம் துப்பாக்கிகள். உங்கள் கட்டைவிரல் அங்கே என்ன செய்துகொண்டிருந்தது?

லோன்ஸ்டார் லோகு
ஜி3சி அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலைப் படித்தீர்களா, தலைப்பை மட்டும் படித்தீர்களா?

ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் ஷீல்டு மாடலுக்கு 2013இல் எச்சரிக்கை வந்தது. சிக் கம்பெனியின் பி320 கீழே விழுந்து வெடித்து 2017இல் விசையை மாற்றித் தந்தார்கள். யாருக்குத்தான் வரவில்லை? என் கேள்வி ஒன்றே ஒன்று. கிளாக்கில் கட்டைவிரல் சேஃப்டி இருக்கிறதா, இல்லையா?

முதல்தோட்டா
வணக்கம். அந்த மச்சான் நான்தான். இவ்வளவு பெரிதாகும் என்று நினைக்கவில்லை. வீட்டில் நாலு வயதுப் பையன் இருக்கிறான். மனைவிக்குச் சின்னக் கை. 400 டாலர்தான் இருக்கிறது. தயவுசெய்து ஒரு பெயர் சொல்லுங்கள்.

ஃபில்டர்காபி_ஃபிரிஸ்கோ
சொல்கிறேன் மாப்பிள்ளை, முதலில் இவருக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறேன்.

லோகு சார், கட்டைவிரல் சேஃப்டி இல்லை. சேஃப்டி இருக்கிறது. இரண்டும் வேறு.

லோன்ஸ்டார் லோகு
பாதி ஒப்புக்கொண்டார். மீதி பொங்கலுக்குள் வரும்.

ரவுண்ட்ராக்_ராணி
முதல்தோட்டா தம்பி, இவர்களை விடுங்கள். 400 டாலர் என்றால் அது துப்பாக்கியின் விலை இல்லை, மொத்தச் செலவு. 9 மில்லிமீட்டர் தோட்டா 50 அடங்கிய டப்பா 13, 15 டாலர். ஒரு மாதம் ஒழுங்காகப் பழகினால் நாலு டப்பா ஓடும். காதுக்குச் சத்தம் தடுக்கும் மஃப். பையன் இருப்பதால் பூட்டுப்பெட்டி கட்டாயம். குண்டு நிரப்பிய துப்பாக்கி 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கைக்கு எட்டும்படி வைத்தால் டெக்சாஸில் அதுவே குற்றம். இதையெல்லாம் கழித்தால் துப்பாக்கிக்கு 280, 300தான் மிஞ்சும்.

இன்னொன்று. கடைக்குப் போகும்போது மனைவியையும் கூட்டிப்போங்கள். எனக்கு முதல் நாள் சுட்டுப் பழகும் ரேஞ்சில் நடந்தது இன்னும் நினைவிருக்கிறது. துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடை இரண்டு விரலால் கிள்ளிப் பின்னால் இழுத்தேன். பாதி வந்து நின்றது, கை வழுக்கி விரல் நுனியில் தோல் உரிந்தது. பக்கத்து லேனில் இருந்த ஒரு பாட்டி, அமெரிக்கப் பாட்டிதான், சொல்லிக்கொடுத்தார்: ஸ்லைடை மேலிருந்து முழுக் கையால் கவ்வு, அதைப் பிடித்து நிறுத்து, கைப்பிடியை முன்னால் தள்ளு. மூன்றாவது முறை சரியாக வந்தது. சில துப்பாக்கிகளில் இது எளிது, சிலவற்றில் மல்யுத்தம். வாடகைக்கு நாலு வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். எந்தச் சேஃப்டி என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

லோன்ஸ்டார் லோகு
பிறகு இல்லை அம்மா, முதலில். வீட்டில் நாலு வயதுப் பையன் என்கிறார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ரவுண்ட்ராக்_ராணி
நாலு வயதுப் பையனுக்கு ஐபேடில் பாஸ்வேர்டு போடத் தெரியும். கட்டைவிரலால் ஒரு குமிழைத் தள்ளத் தெரியாதா? பூட்டுப்பெட்டி என்று எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

சுழல்38
ரிவால்வர் என்ற பொருளையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். டாரஸ் 856, ஆறு குண்டு, .38 ஸ்பெஷல், 300 சொச்சம். ஸ்லைடே இல்லை, இழுக்கவே வேண்டாம். அதில் கட்டைவிரல் சேஃப்டியும் கிடையாது. நூறு வருடமாக யாரும் கேட்கவும் இல்லை. லோகு அண்ணே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

லோன்ஸ்டார் லோகு
ரிவால்வர் விசையை இழுக்க 10, 12 பவுண்டு பலம் வேண்டும். கிளாக் விசை ஐந்தரை. எடையே அங்கே சேஃப்டி. நியூயார்க் போலீஸ் கிளாக்கை எடுத்துக்கொண்டபோது அந்த விசையை 12 பவுண்டுக்கு ஏற்றித்தான் ஆட்கள் கையில் கொடுத்தார்கள். ஏன் ஏற்றினார்கள்? கிளாக்கில் சேஃப்டி இல்லை.

ஃபில்டர்காபி_ஃபிரிஸ்கோ
ஆஹா. ரிவால்வரில் எடை சேஃப்டி. கிளாக்கில் மூன்று தடுப்பு இருந்தும் சேஃப்டி இல்லை. உங்கள் அகராதி எந்தக் கடையில் கிடைக்கும்?

நியூயார்க்கில் ரிவால்வர் பழகிய ஆட்களுக்காக ஏற்றினார்கள். அந்தக் கனத்த விசையோடு அவர்கள் குறி பார்த்த லட்சணம் பற்றித் தனியாக எழுதலாம்.

தூயதமிழ்_துரை
இத்தனை பேர் எழுதுகிறீர்கள், 'சேஃப்டி'க்கு ஒருவருக்கும் தமிழ்ச்சொல் தெரியாதா? காப்பு என்று எழுதினால் கை சுட்டுவிடுமா? விரற்காப்பு, விசைக்காப்பு, ஊசிக்காப்பு. சண்டையே வந்திருக்காது.

சுழல்38
துப்பாக்கியே துருக்கியிலிருந்து வந்த சொல்தான் ஐயா. முதலில் அதை மாற்றிவிட்டு வாருங்கள்.

தூயதமிழ்_துரை
அது நானூறு ஆண்டு புழங்கிய சொல். உங்கள் 'ரிவால்வர்' அப்படியா? சுழல்துப்பாக்கி. பெயரில் மட்டும் சுழல் வைத்துக்கொண்டால் போதுமா?

ஹெச்1பி_ஹரி
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். நான் ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறேன். கிரீன் கார்டு வரிசை எப்போது நகரும் என்று தெரியாது. லோகு சார் அன்று பாட்லக்கில் என்னிடம், "பணத்தைக் கொடு, என் பெயரில் வாங்கித் தருகிறேன்" என்றார். அது சரிதானா?

ரவுண்ட்ராக்_ராணி
ஹரி, கேட்டதே நல்லதாயிற்று. வேண்டவே வேண்டாம். ஹெச்1பி போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி தடை. வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு, ஆனால் அதை நம்பிக் கிளம்புவதற்கு முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். இன்னொருவர் பணத்தில் அவருக்காக வாங்கி, கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் "உண்மையான வாங்குபவர் நான்தான்" என்று கையெழுத்துப் போடுவது தனிக் குற்றம்.

லோன்ஸ்டார் லோகு
நான் சொன்னது பரிசாக. பேச்சுவாக்கில் சொன்னதை எல்லாம் இங்கே கொண்டுவருகிறார்கள்.

ஃபில்டர்காபி_ஃபிரிஸ்கோ
"பணத்தைக் கொடு" என்று சொல்லித் தருவது எந்த ஊர்ப் பரிசு?

ஆப்ராம்ஸ்கி வழக்கைப் படியுங்கள். 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நாலு பேர் மறுபக்கம். முன்னாள் போலீஸ்காரர் ஒருவர் தன் மாமாவுக்காகத் துப்பாக்கி வாங்கினார். மாமாவும் சட்டப்படி வாங்கத் தகுதி உள்ளவர்தான். இருந்தும் குற்றம் குற்றமே என்றார்கள். மாமா அனுப்பிய காசோலை எவ்வளவு தெரியுமா? 400 டாலர். வாங்கியது எது தெரியுமா? கிளாக் 19!

லோன்ஸ்டார் லோகு
பார்த்தீர்களா, கிளாக்கை வாங்கினால் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டும்.

இனி விவரமாக எழுதுகிறேன், யாரும் குறுக்கே வராதீர்கள். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில் வாங்கிய முதல் கைத்துப்பாக்கி, எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன், பழையது. ஒரு சனிக்கிழமை துடைக்க உட்கார்ந்தேன். தோட்டா அடுக்கும் மேகசினை உருவி மேஜையில் வைத்தேன். காலி என்று நினைத்துவிட்டேன். துப்பாக்கியின் உள்ளே, குழலை ஒட்டிய தோட்டா அறையில் ஒரு தோட்டா. வெடித்தது அலமாரி பக்கம். கதவைத் துளைத்து, உள்ளே இருந்த 20 பவுண்டு சோனா மசூரி மூட்டையில் போய் நின்றது. காதில் அரை மணி நேரம் ஙொய் என்ற சத்தம். அரிசி தரையெல்லாம் ஓடிக்கொண்டே இருந்தது, மெதுவாக, குழாயைச் சரியாக மூடாத மாதிரி. என் வீட்டுக்காரி கூட்டுமாறோடு வந்து நின்றாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மூட்டையை நான்தான் மூன்று நாள் சலித்தேன்.

அன்றிலிருந்து சொல்கிறேன். கிளாக்கைப் பிரித்துத் துடைக்க வேண்டுமென்றால் ஸ்லைடைக் கழற்றுவதற்கு முன் விசையை அழுத்தியே ஆக வேண்டும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அதில் கை போட்டு எத்தனை பேர் சுவரைச் சுட்டிருக்கிறார்கள்! டாரஸுக்கும் அழுத்த வேண்டும் என்று யாராவது வருவீர்கள், தெரியும். அது வேறு. இன்னொன்று: அமெரிக்க ராணுவம் புதுக் கைத்துப்பாக்கிக்குப் போட்டி வைத்தபோது கட்டைவிரல் சேஃப்டி வேண்டும் என்றது. கிளாக்கே கட்டைவிரல் சேஃப்டி வைத்துத்தான் அனுப்பியது! கம்பெனிக்காரனே ஒப்புக்கொண்டான், ஃபில்டர்காபி ஒப்புக்கொள்ளமாட்டார்.

ஃபில்டர்காபி_ஃபிரிஸ்கோ
கேட்டவர் காசு கொடுக்கிறார், கேட்டதை வைத்து அனுப்பினார்கள். அந்தப் போட்டியில் 2017இல் ஜெயித்தது யார்? அதே வருடம் விசை மாற்றித் தந்ததாக நீங்களே மேலே எழுதிய சிக் பி320.

அரிசி மூட்டைக்கு வருவோம். அந்தத் துப்பாக்கியில் கட்டைவிரல் சேஃப்டி இருந்ததா?

லோன்ஸ்டார் லோகு
அது பழைய மாடல். பேச்சை மாற்றாதீர்கள்.

ஃபில்டர்காபி_ஃபிரிஸ்கோ
இருந்ததா, இல்லையா?

சுழல்38
ரிவால்வராக இருந்தால் உருளையைத் திறந்ததும் ஆறு ஓட்டையும் கண்ணுக்குத் தெரியும். அரிசி தப்பித்திருக்கும். இதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

தூயதமிழ்_துரை
'சிலிண்டர்' என்று எழுதாமல் உருளை என்று எழுதியதற்கு வாழ்த்துகள். முன்னேற்றம் தெரிகிறது.

முதல்தோட்டா
எல்லோருக்கும் நன்றி. ராணி அக்கா சொன்னபடி சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போய் நாலு வாடகைக்கு எடுத்தோம். கிளாக் 19 எனக்குப் பிடித்திருந்தது. மனைவியால் ஸ்லைடை முழுதாக இழுக்க முடியவில்லை. ஜி3சியில் அந்தச் சேஃப்டிக் குமிழ் சின்னதாக இருக்கிறது, அவள் கட்டைவிரல் இரண்டு முறை வழுக்கியது. ரிவால்வர் விசையை இழுப்பதற்குள் குழல் இடது பக்கம் போய்விடுகிறது. கடைசியில் அவள் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ஷீல்டு ஈஸி 9 எம்எம்மை எடுத்தாள், ஸ்லைடு வெண்ணெய் மாதிரி வந்தது. கைப்பிடியின் பின்பக்கம் ஒரு சேஃப்டி இருக்கிறது, இறுக்கிப் பிடித்தால்தான் சுடும். கட்டைவிரல் சேஃப்டி உள்ளதும் உண்டாம், இல்லாததும் உண்டாம். பழையது ஒன்று 360க்குச் சொல்கிறார்கள். எதை எடுக்க?

ரவுண்ட்ராக்_ராணி
2020 மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை செய்த ஷீல்டு ஈஸி 9களைத் திரும்பப் பெற்று, உள்ளே அடித்து வெடிக்கவைக்கும் ஹேமரைப் பார்த்துக் கொடுத்தார்கள். பழையது என்கிறீர்கள், வரிசை எண்ணைச் சரிபார்த்துவிட்டு எடுங்கள். 360 போனால் பூட்டுப்பெட்டிக்கு 40தான் மிச்சம், அதையும் யோசியுங்கள்.

லோன்ஸ்டார் லோகு
கட்டைவிரல் சேஃப்டி உள்ளதை எடு தம்பி. கைப்பிடி சேஃப்டி என்பது சேஃப்டியில் சேராது. பிடித்தாலே திறந்துவிடுகிறது, கிளாக்கின் தம்பி.

ஃபில்டர்காபி_ஃபிரிஸ்கோ
மாப்பிள்ளை, என்னைக் கேட்காமல் ரேஞ்சுக்குப் போய்விட்டாயே. பழைய கிளாக் 19 ஒன்று பார்த்து வைத்திருந்தேன். சரி, உன் இஷ்டம்.

லோகு சார், அரிசி மூட்டைத் துப்பாக்கி. கட்டைவிரல் சேஃப்டி. இருந்ததா?

லோன்ஸ்டார் லோகு
போன தீபாவளிக்கு ரேஞ்சுக்கு வாங்கிப்போன என் காது மஃப்பை முதலில் திருப்பிக் கொடுங்கள். புது பேட்டரி போட்டுக் கொடுத்தேன். அதைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதுகிறாரா பாருங்கள்.

கிளாக்கில் சேஃப்டி இல்லை.