சினாமாக் புட்டியில் பூண்டு பச்சையாகிவிட்டது, கொட்டிவிடவா?

செந்தில், மணிலா

வேலைக்காக மணிலா வந்து எட்டு மாதம் ஆகிறது. கூட வேலை செய்கிறவர் இலோயிலோக்காரர், அது பிலிப்பைன்ஸின் நடுவில் உள்ள ஊர். ஊருக்குப் போய்விட்டு வரும்போது எனக்கு ஒரு புட்டி சினாமாக், அதாவது மிளகாய் ஊறிய வினிகர், கொண்டுவந்தார். பழைய ரம் புட்டி, உள்ளே மிளகாயும் பூண்டும் கழுத்து வரைக்கும். சுட்ட கோழியை அதில் தொட்டுச் சாப்பிட்ட பிறகு வேறு எதையும் தொட்டுக்கொள்ள மனம் வரவில்லை. இரண்டே வாரத்தில் காலி.

அப்புறம் நானே போட்டுப் பார்த்தேன். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த வெள்ளை வினிகர், பூண்டு, இஞ்சி, மிளகாய். புளிப்பு நாக்கை அறுக்கிறது, அவர் கொடுத்ததில் இருந்த மெல்லிய இனிப்பும் வாசனையும் வரவே இல்லை. நான்காம் நாள் பூண்டுப் பற்கள் நீலப்பச்சையாக மாறிவிட்டன. நேற்று அடோபோவுக்கு, அதாவது இங்கே வினிகர் ஊற்றிச் சமைக்கும் கறிக்கு, இதையே அரை கப் ஊற்றினேன். கறி வற்ற வற்றக் காரம் ஏறிக்கொண்டே போய், இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. எங்கே தப்பு செய்தேன்?

இலோயிலோ மருமகள்

கொட்டாதீர்கள் தம்பி. பூண்டு பச்சையாவது கெட்டுப்போன அடையாளம் இல்லை. பூண்டில் உள்ள கந்தகச் சத்து, புளிப்பு பட்டதும் அதிலேயே இருக்கும் அமினோ அமிலங்களோடு சேர்ந்து அந்த நிறம் தருகிறது. தாராளமாகச் சாப்பிடலாம். வினிகருக்கு மேலே தலைநீட்டிக்கொண்டிருக்கும் மிளகாயில் பஞ்சு மாதிரி பூசணம் பிடித்தால்தான் கொட்ட வேண்டும். எல்லாமே மூழ்கி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், போதும். வெள்ளையாக வழவழவென்று ஆடை மாதிரி மிதந்தால் அது வினிகரின் தாய், அதாவது புளிக்க வைக்கும் நுண்ணுயிர்ப் படலம், நல்ல வினிகருக்கு அழகே அதுதான்.

உங்கள் குறை முழுக்க வினிகரில் இருக்கிறது. சினாமாக் என்றால் மிளகாய் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்படி யாரும் சொல்ல மாட்டார்கள். முதலில் சுகா, அதாவது வினிகர். அதுவும் தூபாவில் இருந்து வந்தது. தூபா என்பது தென்னங்கள்தான். மரமேறி, இங்கே மனாங்கேதே என்பார்கள், பாளையைச் சீவி இறக்கும்போது இனிப்பாக இருக்கும். சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகும். அதை மூடி வாரக்கணக்கில் விட்டால் சுகா. சர்க்கரை, கள், புளிப்பு என்று படிப்படியாக வந்ததால்தான் அந்த மெல்லிய இனிப்பு வாசனை. 1521இல் கடலோடி மகெல்லனோடு கப்பலில் வந்த பிகஃபெத்தாவே, இங்குள்ளவர்கள் தென்னையில் இருந்து கள்ளும் எண்ணெயும் வினிகரும் எடுப்பதை எழுதி வைத்திருக்கிறார்.

விலை குறைந்த வெள்ளை வினிகரில் இந்தக் கதை எதுவும் இல்லாமல் போகலாம். 2019இல் பிலிப்பைன்ஸ் அணு ஆராய்ச்சி நிறுவனம் கடையில் விற்ற வினிகர்களைச் சோதித்தபோது, பலவற்றில் செயற்கை அசிட்டிக் அமிலம் இருந்தது தெரிந்தது. செடியில் இருந்து வந்த புளிப்பில் கார்பன்-14 இருக்கும், பெட்ரோலியத்தில் இருந்து வந்ததில் இருக்காது. அதை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அந்த வருடத்தில் இருந்து நான் புட்டியைத் திருப்பி லேபிளைப் படிக்காமல் வாங்குவதில்லை.

சரி, செய்முறை. என் மாமியார் லாபாஸ் சந்தையில் சுகா வாங்கி வந்ததும் முதலில் ஒரு துளி புறங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். பிடித்தால்தான் மற்ற வேலை. 750 மில்லி புட்டிக்கு ஒரு கைப்பிடி சிலிங் லபூயோ, அந்தக் குட்டி ஊசி மிளகாய். காம்பைக் கிள்ளிவிட்டு நான்கைந்தை மட்டும் கீறுவார், மீதி முழுசாக. ஒரு முழுப் பூண்டு, நான்கு சின்ன வெங்காயம், ஒரு ஸ்பூன் மிளகு. அப்புறம் லங்காவாஸ், நம் பேரரத்தை. நீங்கள் விட்டது இதைத்தான். இஞ்சி போடலாம், ஆனால் அது அரத்தைக்கு ஈடாகாது. அரத்தையைத் தோலோடு, விரல் நீளத்துக்குத் தீக்குச்சிபோல நறுக்கிப் புட்டியின் கழுத்து வழியே ஒவ்வொன்றாக விடுவார். பைன் மரப் பிசினும் மிளகும் கலந்த மாதிரி ஒரு மணம் எழும். நனையாத புட்டி, தண்ணீர் கலக்காத சுகா. ஒரு வாரம் தொடாதீர்கள். பாதி தீர்ந்ததும் அதே சுகாவை ஊற்றி நிரப்பலாம், மிளகாய் வெளுக்கும் வரை இரண்டு மூன்று முறை தாங்கும்.

செந்தில், மணிலா

ரொம்ப நன்றி அக்கா. அரத்தை எங்கே கிடைக்கும் என்று இன்றே கேட்கிறேன். இங்கே பாவோம்போங் வினிகர் என்று ஒன்று கிடைக்கிறது, அதில் போடலாமா? அடோபோவைப் பற்றியும் சொல்லுங்கள்.

தாவோ மாணவி

நடுவில் நான் ஒன்று சொல்கிறேன். பாவோம்போங் என்பது புலாகானில் நீர்ப்பனையில் இருந்து எடுப்பது, நல்ல சுகா. இலோகோஸில் கரும்பில் செய்வது கருப்பாக இருக்கும், விகான் ஊரின் லொங்கனீசா என்ற சாசேஜுக்கு அதுதான் பொருத்தம். இங்கே மிந்தனாவோவில் இலிகான் ஊரின் பினாகுராட் என்ற கார வினிகர்தான் பேர் போனது. குராட் என்றால் திடுக்கிடுவது, முதல் துளியிலேயே காரணம் புரிந்துவிடும். கினிலாவ், அதாவது பச்சை மீனை வினிகரில் ஊற வைப்பது, செய்ய ஆசைப்பட்டால் கவனம். வினிகரில் மீன் வெளுத்து இறுகுமே தவிர, அதில் இருக்கும் கிருமியும் புழுவும் சாகாது. மீன் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் நான் தொடவே மாட்டேன்.

இலோயிலோ மருமகள்

பாவோம்போங் தாராளமாகப் போடலாம் தம்பி. வாசனை வேறு மாதிரி வரும், அவ்வளவுதான்.

அடோபோவில் உங்களுக்கு நடந்தது இதுதான்: மிளகாய் ஊறிய வினிகரை அரை கப் ஊற்றிச் சுண்ட வைத்தால் தண்ணீர் போகும், காரம் போகாது. வேக வைக்க வெறும் சுகாவையே ஊற்றுங்கள். ஊற்றியதும் மூடாதீர்கள், கிளறாதீர்கள். திறந்தபடி கொதித்துப் பச்சை நெடி தணிந்த பிறகுதான் கரண்டி போட வேண்டும் என்று இங்கே எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், மண்சட்டியோ எவர்சில்வரோ எடுங்கள். சினாமாக்கை இறக்கும்போது ஒரு ஸ்பூன், மீதி தட்டின் ஓரத்தில்.

சினாமாக்கை ஊற்றிச் சமைக்கத்தான் வேண்டும் என்றால் மீன் பக்சிவ், அதாவது வினிகரில் வேக வைத்த மீன், செய்யுங்கள். அதற்குக் கால் கப் சினாமாக் போதும், மீதி வெறும் சுகாவும் தண்ணீரும். புட்டியின் அடியில் கிடக்கும் அரத்தையையும் அந்தப் பச்சைப் பூண்டையும் சேர்த்தே சட்டியில் போடுங்கள். மறுநாள் காலை சூடான சோற்றோடு சாப்பிட்டுவிட்டு இங்கே வந்து எழுதுங்கள்.